பிடித்து வைத்த வருஷம்

அத்தியாயம் 14

மருந்துக்கடை வாசலில் இருக்கும் எடை மெஷினில் ஷாரோன் ஏறி இறங்கியதையும், அவள் அப்பன் ஜோயலின் முகம் செத்துப்போனதையும் போன வாரம் பார்த்தோம். கபடித் தேர்வுக்கு ஐம்பது கிலோவுக்குள் இருக்க வேண்டிய பெண் ஐம்பத்திரண்டு இருந்தாள். அன்றிலிருந்து அம்மா வீட்டில் இருக்கும்போது அவளுக்கு அரைத் தட்டுச் சோறு. அம்மா ஷிஃப்ட்டுக்குப் போய்விட்டால் அதுவும் கிடையாது.

இன்று சனிக்கிழமை. தண்டலத்தில் ஒரு கல்லூரி மைதானத்தில் விளையாட்டு விடுதிக்கு கபடிப் பெண்களை எடுக்கிறார்கள்.

விடிந்தும் விடியாத நேரத்தில் கலைமதி கம்பெனி யூனிஃபார்மைப் போட்டுக்கொண்டு மகளின் தலைமாட்டில் வந்து உட்கார்ந்தாள். சுங்குவார்சத்திரம் பக்கத்தில், கார்களுக்கு ஒயர் கட்டித் தருகிற கம்பெனியில் அவளுக்கு வேலை. இந்த வாரம் முதல் ஷிஃப்ட்.

"நாக்கை நீட்டு."

ஷாரோன் நீட்டினாள். நாக்கு வெள்ளை பூத்து நடுவில் வெடித்திருந்தது.

கலைமதி எழுந்து போய், தட்டில் நாலு இட்லியும் ஒரு சொம்பு தண்ணீரும் கொண்டுவந்து வைத்தாள். "ஏங்க, இங்க வாங்க. இது இவ வவுத்துக்குள்ள போனாத்தான் நான் வேலைக்குப் போவேன்."

"நீ கிளம்பு. பஸ்ஸு வந்துரும். நான் குடுக்கறேன்," என்றான் ஜோயல்.

"பைபிள் மேல கை வெச்சு சொல்லுங்க."

ஜோயல் ஷெல்ஃபில் இருந்த பைபிள் மேல் கையை வைத்தான். "சாப்புட வெச்சிட்டுத்தான் கூட்டினு போவேன். போதுமா?"

கலைமதி நம்பினாள். நம்பாமல் என்ன செய்வாள்? இந்த மாதம் ஏற்கெனவே லீவு போட்டாகிவிட்டது. இன்னொரு நாள் என்றால் சூப்பர்வைசர் லைனை விட்டே தூக்கிவிடுவான். தெருமுனையில் கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. அவள் ஓடினாள்.

பஸ் போன சத்தம் அடங்கியதும், ஜோயல் அந்த நாலு இட்லியையும் எடுத்துக்கொண்டு போய் எதிர் வீட்டு நாய்க்குப் போட்டான். சொம்புத் தண்ணீரைத் துளசிக்கு ஊற்றுவதுபோல நிதானமாக வாசலில் ஊற்றினான். சின்னவள் பிரவீனா கதவோரம் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள்.

இந்த மனிதனைத் திட்டித் தீர்க்க எனக்கும் ஆசைதான். உங்களில் பலர் திட்டியும் விட்டீர்கள். ஆனால் அவன் குடிகாரன் இல்லை. பெண்டாட்டிமேல் கை நீட்டியதில்லை. பெரிய மகள்மேல் உயிரையே வைத்திருக்கிறான். சிக்கலே அங்கேதான் இருக்கிறது.

சின்ன வயதில் அவனும் கபடி ஆடியவன். தன் வயதுக்காரர்கள் என்று சொல்லிக்கொண்டு மீசை முளைத்தவர்கள் வந்து எதிரில் நின்றபோது, ஒவ்வொரு முறையும் மண்ணைக் கவ்வியவன். ஆட்டத்தில் திறமை பாதிதான், மீதி உடம்பு என்பது அவன் புத்தியில் ஆணி அடித்ததுபோல இறங்கிவிட்டது.

இப்போது ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. லைனில் வருகிற பொருளில் சந்தேகம் வந்தால் அதற்குச் சிவப்பு அட்டை கட்டி ஓரமாக வைத்துவிடுவான். 'ஹோல்டு' என்று பெயர். சரிசெய்து அடுத்த பேட்ச்சோடு அனுப்பிக்கொள்வார்கள்.

போன வருஷம் ஷாரோன் எட்டாவது முடிக்கப் போகிற நேரத்தில் தாவீது மாஸ்டர் அவனைக் கூப்பிட்டுச் சொன்னார். ஊர்ப் பெண்களுக்குக் கபடி சொல்லித் தருகிறவர் அவர். "பொண்ணு சூப்பரா ஆடுது ஜோயலு. ஆனா பூஞ்சை உடம்பு. விடுதியில எட்டாவது முடிக்கிற புள்ளைங்களத்தான் எடுப்பாங்க. பதினாறு வயசு தாண்டக்கூடாது, அவ்ளோதான் ரூல்ஸு. ஒரு வருஷம் புடிச்சு வெச்சு அனுப்பு. அப்புறம் எவளும் இவள அசைக்க முடியாது."

ஜோயலுக்கு யாரும் விளக்கவே வேண்டியிருக்கவில்லை. ஹோல்டு போடு, அடுத்த பேட்ச்சில் அனுப்பு.

வகுப்பில் முதலாவதாக வந்துகொண்டிருந்தவளுக்கு டி.சி. வாங்கி, வேறு பள்ளியில் மறுபடியும் எட்டாவதிலேயே கொண்டுபோய் உட்கார வைத்தான். தங்கை பிரவீனா படிக்கிற அதே வகுப்பில். பழைய தோழிகள் பஸ்ஸில் பார்த்தால், "ஃபெயிலாயிட்டியாமே?" என்று கேட்டார்கள். ஷாரோன் முதலில் இல்லை என்றாள். பிறகு அதுவும் சொல்வதில்லை.

ஐம்பது கிலோ வரம்பு அப்போதும் இருந்தது. நாற்பதைக்கூடத் தொடாத பெண்ணுக்கு அது எதற்கு என்று மாஸ்டரும் விட்டுவிட்டார், அப்பனும் விட்டுவிட்டான். ஒரு வருஷத்தில் உடம்பு தேறும் என்று கணக்குப் போட்டவன், தேறின உடம்புக்கு எடை கூடும் என்பதை யோசிக்கவே இல்லை. முட்டையும் பாலும் வாங்கிக் கொடுத்தது அவனேதான்.

●

ஒரகடம் தொழிற்பேட்டைக்குப் போகும் சாலையில், கன்டெய்னர் லாரிகளுக்கு ஓரமாக ஷாரோன் ஓடினாள். உடம்பில் இரண்டு ஸ்வெட்டர். அதற்கு மேல் ஜோயலின் மழைக்கோட்டு. சித்திரை வெயில். பின்னாலேயே அவன் பைக்கை உருட்டிக்கொண்டு வந்தான்.

"வேர்வ வர்ற வரைக்கும் ஓடு."

"வரலப்பா. நேத்தே நின்னுபோச்சு."

"வரும், ஓடு. இன்னும் அர கிலோதான் கீது."

கொஞ்ச தூரத்தில் அவள் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். "பா… ஒரே ஒரு வாய் தண்ணி. கொப்புளிச்சுத் துப்பிடறேன்."

ஜோயல் பைக் பையிலிருந்து பாட்டிலை எடுத்து மூடியில் ஊற்றிக் கொடுத்தான். அவள் வாயைப் பார்க்காமல், ஏதோ லாரியின் நம்பரைப் படிப்பவன்போல் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

ஷாரோன் அந்தத் தண்ணீரை விழுங்கியிருக்கலாம். யார் பார்க்கப் போகிறார்கள்? அவள் துப்பினாள். அப்பனுக்குப் பயந்து இல்லை. இன்று தேர்வானால்தான் இந்த ஒரு வருஷத்துக்கு ஒரு அர்த்தம். இல்லையென்றால் அவள் வெறும் ஃபெயிலான ஷாரோன். சொன்னாலும் எவரும் நம்பப் போவதில்லை.

"போலாம்பா," என்று மறுபடி ஓடினாள்.

●

பிரவீனா வீட்டைப் பூட்டி, சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, பஸ் மாறி சுங்குவார்சத்திரம் போனாள். பதிமூன்று வயதுப் பெண் தனியாக அந்த ரோட்டில் வந்தது அதுதான் முதல் தடவை. அம்மாவின் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி வழி மறித்தார்.

"எங்கம்மா உள்ள வேலை செய்யறாங்க. கூப்புடுங்கண்ணா. கலைமதி."

"ஷிஃப்ட்டு நேரத்துல யாரையும் கூப்புட முடியாது பாப்பா. ஃபோனும் லாக்கர்ல கீது. இன்னா விஷயம்? யாருக்காச்சும் அடிகிடி பட்டுச்சா?"

"இல்லண்ணா."

"வூட்ல யாராச்சும் செத்துட்டாங்களா?"

"இல்ல."

"அப்புறம்?"

"எங்கக்கா தண்ணி குடிக்கல."

செக்யூரிட்டி சிரித்துவிட்டார். கெட்ட மனிதர் இல்லை. அவர் வேலை அப்படி. "இதுக்கெல்லாம் லைனை நிறுத்துவாங்களா? ஷிஃப்ட்டு முடிஞ்சதும் வா, போ."

பிரவீனா நகரவில்லை. நேற்றிலிருந்து அக்கா ஒருமுறைகூட பாத்ரூம் பக்கம் போகவில்லை என்பதை, பக்கத்தில் படுத்திருந்த அவள்தான் கவனித்தாள். அதை இவரிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் புரியுமா? வெயிலில் நின்றுகொண்டே இருந்தாள். பிறகு நேராகப் போய் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"பொய் சொன்னேண்ணா. எங்கக்கா செத்துட்டா."

கலைமதி தலையில் வலைத்தொப்பியோடு, கையுறையோடு ஓடிவந்தாள். பிரவீனா கேட்டுக்கு வெளியே அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "சாவலம்மா, சாவல. பொய் சொன்னேன். அப்பா இட்லிய நாய்க்குப் போட்டுட்டாரு. தண்ணி குடுக்கல. அவ நேத்துலேர்ந்து ஒண்ணுக்கே போவலம்மா," என்று மூச்சுவிடாமல் சொன்னாள்.

கலைமதியின் கை ஓங்கியது. ஓங்கிய கை கீழே வராமல் அப்படியே நின்றது. அடுத்த நிமிஷம் நடு ரோட்டில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள்.

"பைபிள் மேல கை வெச்சானே," என்றாள்.

செக்யூரிட்டி பின்னாலிருந்து, "கேட் பாஸ் இல்லாம போவக்கூடாதும்மா," என்றார். கலைமதி கையுறையைக் கழற்றி அவர் மேஜைமேல் வைத்துவிட்டு, கேட்டிலேயே இருந்த லாக்கரிலிருந்து ஃபோனை எடுத்துக்கொண்டு ஆட்டோவைக் கை தட்டிக் கூப்பிட்டாள்.

●

தண்டலத்தில் ஒரு துணித் திரைக்குப் பின்னால் எடை மெஷின் இருந்தது. ஷாரோன் உள்ளே போய் வெளியே வந்தாள். முகத்தைப் பார்த்ததுமே ஜோயலுக்குத் தெரிந்துவிட்டது.

"கொஞ்சம் தாண்டுது. கால் கிலோகூட இருக்காது," என்றார் எடை பார்த்த அம்மாள். "மெஷினை மூடறதுக்குள்ள இன்னொரு வாட்டி வரலாம்."

"நான் இன்னும் ஓடறேன்," என்றாள் ஷாரோன். ஓடுவதற்கு அடியெடுத்து வைத்தவள், பந்தல் காலைப் பிடித்துக்கொண்டாள்.

முன்னாலேயே வந்து காத்திருந்த தாவீது மாஸ்டர் அவளை மேலும் கீழும் பார்த்தார். இடுப்புக்குக் கீழே தொங்கிய அவள் பின்னலைக் கையில் எடுத்துத் தூக்கிப் பார்த்தார். காய் வாங்குகிறவர் எடை பார்ப்பதுபோல.

"இது போதும் ஜோயலு."

ஜோயலுக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்தபோது, "மாஸ்டர், அவங்கம்மா…" என்றான்.

"முடி வளரும்யா. வருஷம் வளருமா?"

முதலுதவிப் பெட்டியில் கட்டுத் துணி வெட்டுகிற கத்தரிக்கோல் ஒன்று இருந்தது. மொன்னைக் கத்தரி. ஜோயல் வெட்ட ஆரம்பித்தான். முடி நழுவி நழுவிப் போனது. ஷாரோன் இரண்டு கையாலும் தன் பின்னலைத் தானே இழுத்துப் பிடித்துக்கொடுத்தாள். "வெட்டுப்பா. டைம் ஆவுது."

அறுத்து எடுத்த பின்னலை எங்கே வைப்பது என்று ஜோயலுக்குத் தெரியவில்லை. சட்டைக்குள் போட்டுக்கொண்டான்.

இந்த முறை எடை சரியாக இருந்தது. அந்த அம்மாள் டிக் அடித்தார். பெண்ணின் தலையைப் பார்த்துவிட்டு எதுவும் கேட்காமல் அடுத்த பெயரைக் கூப்பிட்டார். குளுக்கோஸ் தண்ணீர் பாட்டிலை ஜோயல் நீட்டியதும் ஷாரோன் அதைப் பறித்து மடமடவென்று குடித்தாள். குடித்த அத்தனையும் அப்படியே வாந்தியாக வந்தது.

விசில் அடித்தார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் பெண் அன்று ஆடிய முதல் ரெய்டு ஒரு அபார ரெய்டு. கோட்டைத் தாண்டிப் போனவள் இடது பக்கம் போக்குக் காட்டி, வலது பக்கம் இரண்டு பேரைத் தொட்டுவிட்டு, மூன்றாவது பெண் காலைப் பிடிக்கும் முன்பு திரும்பிவந்தாள். தேர்வுக் குழுவில் ஒருவர் நாற்காலியை விட்டு எழுந்தார். ஜோயல் கைதட்டினான். கண்ணில் தண்ணீர் வழிய வழியக் கைதட்டினான்.

இரண்டாவது ரெய்டுக்குப் போனவள் எதிராளிகளின் பக்கம் நடுவில் போய்ச் சும்மா நின்றாள். "கபடி கபடி" என்று உதடு மட்டும் அசைந்தது, சத்தம் வரவில்லை. யாரும் அவளைத் தொடவில்லை. தானாகவே மடங்கி விழுந்தாள்.

●

பக்கத்து ஆஸ்பத்திரியில் அவளைச் சேர்த்திருந்தார்கள். கலைமதியும் பிரவீனாவும் உள்ளே வந்தபோது ஷாரோன் கண் திறந்திருந்தாள். இரண்டு கையிலும் டிரிப்ஸ். தலையில் முடி கன்னாபின்னாவென்று நின்றது.

கலைமதி அழவில்லை. அந்தத் தலையை மட்டும் மெதுவாகத் தடவினாள். பிரவீனா கட்டிலுக்குப் பக்கத்திலேயே வரவில்லை. 'செத்துட்டா' என்று சொன்ன தன் நாக்குதான் அக்காவை இங்கே கொண்டுவந்து படுக்க வைத்தது என்று அந்தக் குழந்தை நினைத்துக்கொண்டிருந்தாள்.

டாக்டர் அம்மாள் ஜோயலைப் பார்த்தே பேசினார். "எத்தனை நாளா தண்ணி குடுக்கல? உண்மையைச் சொல்லுங்க."

"மூணு நாளா கொஞ்சம் கொஞ்சமா கம்மி பண்ணோம் மேடம். நேத்துலேர்ந்துதான் சுத்தமா…"

"கிட்னி அடிவாங்கியிருக்கு. டிரிப்ஸ் போயிட்டே இருக்கு, ஆனா யூரின் ஒரு சொட்டு வரல. ராத்திரிக்குள்ள வரணும். வரலன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்." சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். கட்டிலுக்குக் கீழே தொங்கிய யூரின் பை காலியாக இருந்தது.

தாவீது மாஸ்டர் வாசலில் தயங்கி நின்றுவிட்டு உள்ளே வந்தார். "அந்த ரெய்டை எல்லாரும் பார்த்தாங்க ஜோயலு. ஆனா மயங்கி வுழுந்த புள்ளைய எடுக்க மாட்டாங்களாம். கேட்டுப் பார்த்துட்டேன்." ஒருமுறை தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அப்போதுதான் சுவரோரம் நின்ற பிரவீனா அவர் கண்ணில் பட்டாள்.

"சின்னவளா இது? நல்ல உசரமா வந்துட்டாளே. ஒல்லியாவும் கீறா. இவளும் எட்டாவதுதானே?"

"மாஸ்டர்," என்றாள் கலைமதி. "வெளிய போயிடுங்க. மரியாதையா சொல்றேன்."

அவர் போய்விட்டார். ஆனால் அவர் விட்டுவிட்டுப் போனது அந்த அறையிலேயே இருந்தது. ஜோயல் பிரவீனாவைப் பார்த்தான். தோளைப் பார்த்தான், காலைப் பார்த்தான். லைனில் வருகிற பொருளைப் பார்க்கிற பார்வை.

"அவரு சொல்றதுல தப்பு இன்னா கீது?" என்றான் மெதுவாக. "பெரியவளுக்குப் பண்ண தப்ப இவளுக்குப் பண்ண மாட்டேன். சாப்பாட்டை மொதல்லேர்ந்தே கரெக்டா பார்த்துக்கினா… ஒரே ஒரு வருஷம் நிறுத்தி…"

"யோவ்!" என்றாள் கலைமதி.

"பா."

மூவரும் திரும்பினார்கள். ஷாரோனின் குரல் உலர்ந்து, யாருடைய குரலோபோல இருந்தது.

"அவள வுட்டுருப்பா. அவ ஒம்போதாவது போவட்டும்." மூச்சு வாங்கினாள். "எனக்கு இன்னும் பதினாறு ஆவல. நானே இன்னொரு வாட்டி எட்டாவதுல ஒக்காந்துக்கறேன். அவள மட்டும் நிறுத்தாத."

பிரவீனா விம்மி அழ ஆரம்பித்தாள்.

கலைமதி புருஷனின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'வேண்டாம்மா' என்று ஒரு வார்த்தை. அதை மட்டும் அவன் சொல்லியிருந்தால், பொய்ச் சத்தியத்தையும் அந்த நாலு இட்லியையும்கூட அவள் என்றைக்காவது மன்னித்திருப்பாள். இத்தனை வருஷம் சேர்ந்து வாழ்ந்தவள். அவன் முகத்தில் எது ஓடினாலும் அவளுக்குத் தெரியும்.

ஜோயல் தலையைக் குனிந்துகொண்டான். அவன் உதடு லேசாக அசைந்தது. பெரியவளின் பிறந்த மாதத்திலிருந்து அடுத்த சித்திரை வரை எண்ணிக்கொண்டிருந்தான்.

கலைமதி பிரவீனாவின் கையைப் பிடித்து இழுத்து, கட்டிலுக்கு இந்தப் பக்கம், தன் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டாள். காலிப் பையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த நர்ஸிடம் சொன்னாள்.

"சிஸ்டர், இந்த ஆளை வெளிய போவச் சொல்லுங்க. இதுங்க ரெண்டும் என் புள்ளைங்க."